காணாமல் போன கிரைண்டர் கல்

காலை பதினொரு மணிக்கு, தாராவி ‘வாசல்’ இல்லத்தின் சமையலறையிலிருந்து கலைச்செல்வியின் கூச்சல் எழுந்தது.

“யக்கா! கிரைண்டர் கல்லக் காணும்!”

மாடியில் புதிதாக வந்த குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்த பத்மஜா இறங்கி ஓடி வந்தாள். மாட்டுங்காவில் பாங்கு வேலையை விட்டுவிட்டு, தெருவில் நிற்கும் குடும்பங்களுக்கும் போக்கிடமில்லாத இளையவர்களுக்கும் கூரையும் தொழிலும் தேடித் தரும் இந்த இல்லத்தை நடத்துகிறவள் அவள். இங்கே வந்த யாரையும் அவள் ‘கேஸ்’ என்று சொன்னதே இல்லை. பெயர் சொல்லித்தான் அழைப்பாள்.

இல்லம் வாங்கிக் கொடுத்த புத்தம் புது கிரைண்டர் மேடைமேல் பளபளத்தது. உள்ளே சுழலும் இரண்டு உருளைக் கற்கள் மட்டும் இல்லை. இன்று மாலை கலைச்செல்வி தன் மகளோடு செம்பூரில் ஒரு வாடகை அறைக்குப் போகிறாள். நாளைக் காலை ஓர் அலுவலக கேன்டீனுக்கு அவளுடைய முதல் இட்லி போக வேண்டும்.

“இங்கயே அரைச்சுக் கொண்டு போவலாம்னு இப்பதான் வந்தேன்க்கா. தொறந்தா வெறும் சட்டி!”

பத்மஜா தேடினாள். அலமாரி, அடுப்படி, மேடைக்கு அடியில். மூலையில் கிடந்த கலைச்செல்வியின் இட்லி அரிசி மூட்டையை நகர்த்தினாள். தையல் பிரிக்காத மூட்டை, நன்றாகக் கனத்தது. பின்னால் ஒன்றுமில்லை. தாகத்துக்குத் தண்ணீர் மொள்ள, குடிதண்ணீர் அண்டாவைத் திறந்தாள். விளிம்பு தாண்டிக் காலில் சிந்தியது.

அதற்குள் இல்லத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். லெதர் பை பட்டறை வைத்திருக்கும் வேல்ராஜும் வந்துவிட்டார். இல்லத்தின் டிரஸ்டிகளில் ஒருவர்.

“இதுல என்ன விசாரணை? விடியக்காலம் இங்க தண்ணி புடிக்க வந்தது வாசிம். அவன் பழைய சோலி தெரியும்லா? இன்னைக்கே வெளிய அனுப்புங்க.”

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற வாசிமின் முகம் வெளுத்தது. பத்தொன்பது வயது. முன்பு பட்டறைகளில் பழைய இரும்பு திருடிப் பிடிபட்டவன். இப்போது ஏசி ரிப்பேர் படிக்கிறான். இன்று வெளியே போனால் படிப்பும் போகும். மறுபடி வடாலா பிளாட்பாரம்தான்.

“அரே மாமா, தாராவிக்காரன் கல்லையா தூக்குவான்? அடியில மோட்டார் இருக்கு, உள்ள செம்புக் கம்பி. கல்லை எந்த கபாடிவாலா எடைக்கு எடுப்பான்? இவ்ளோ மோசமான திருடன்னா என்னை நினைச்சீங்க?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. கலைச்செல்வி தலை நிமிரவில்லை.

“தண்ணி பிடிச்சப்புறம் எங்கே போனே?” என்றாள் பத்மஜா.

“கிளாஸுக்கு, தீதி. கத்துற சத்தம் கேக்கும்போதுதான் வந்தேன்.”

பத்மஜா கலைச்செல்வி பக்கம் திரும்பினாள்.

“கலை, அரிசி எப்போ ஊறப் போட்டே?”

கலைச்செல்வியின் கண் மூலையிலிருந்த மூட்டைமேல் போனது.

“விற்கிறவன் மோட்டாரை எடுப்பான். கல்லை மட்டும் எடுத்தவங்களுக்கு மாவு அரைபடக் கூடாது, அவ்வளவுதான். காலையிலேர்ந்து எல்லாரும் மொண்டு குடிச்சும் அண்டா தளும்பறது. அடியில கல் இருக்கு. முன்னாடியே போட்டிருந்தா, மொண்ட அளவுக்குத் தண்ணி இறங்கியிருக்கும். அதனால வாசிம் கிளம்பினப்புறம்தான் போட்டிருக்கணும். அரைக்க வந்தவ அரிசியை ஊறப் போட்டிருப்பா. இந்த மூட்டை வாயைக்கூட யாரும் பிரிக்கலை. இன்னைக்கு அரைக்க முடியாதுன்னு ஒருத்திக்கு முன்னாடியே தெரியும்.”

“அந்தப் பையன விட்டுருங்க.” கலைச்செல்வி அழுதாள். “நாந்தான். இங்க படுத்தா சுத்தி முப்பது பேரு மூச்சு கேக்கும்க்கா. அங்க கதவ நான் ஒருத்தியேல்லா சாத்தணும்? பாலத்தடியில ராத்திரி பூரா புள்ளைய மடியில வச்சு முழிச்சிருந்தவ நான். இன்னும் ரெண்டு நாள் இங்க இருந்துக்கலாம்னு…”

“ஏட்டி, சொல்லியிருக்கலாம்லா?” என்றார் வேல்ராஜ். பிறகு வாசிமின் தோளில் கை வைத்து, “தப்பு எம்மேலதான்ல” என்றார்.

பத்மஜா கலைச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயமா இருக்குன்னு சொன்னா யாரும் உன்னைக் குறைச்சு நினைக்க மாட்டோம். முதல் வாரம் நம்ம வார்டன் சைனப் உன்னோட வந்து படுத்துப்பா. ஞாயித்துக்கிழமை சாப்பாடு இங்கேதான். சாவி கொடுத்ததோட யாரையும் நாங்க கைகழுவி விடறதில்லை.”

வாசிம் அண்டாவுக்குள் தோள்வரை கைவிட்டு, ஒவ்வொன்றாகக் கற்களை எடுத்தான்.

“பிடிங்கக்கா. எந்தக் கடையிலயும் போகாது. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“மன்னிச்சிருப்பா” என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக.

“முதல் இட்லி எனக்கு. அப்புறம் பாக்கலாம்.”

கலைச்செல்வி கத்தரியால் மூட்டையின் தையலை வெட்டினாள்.

மாலையில் டெம்போ செம்பூருக்குக் கிளம்பியது. பின்னால் கிரைண்டரைக் கட்டிப்பிடித்தபடி வாசிம். முன் இருக்கையில் சைனப்பின் மடியில் மகள். கலைச்செல்வியின் மடியில், ஒரு சொட்டும் சிந்தாமல், பாத்திரத்தில் ஊறுகிற அரிசி. அரைப்பது இனி அவள் வீட்டில்தான்.