உள்ளே வர அனுமதி

எங்கோ இருந்த அந்தச் சர்வர் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பு கெட்டுப்போனால் இருபது விநாடியில் சிவப்பு எழுத்தில் முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டு அறுத்துக்கொள்ளும். இந்த வேலைக்கு வந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு அந்தச் சிவப்பு நன்றாகவே பழக்கம். இன்றைக்கு மூன்று நிமிடமாகியும் அறுபடவில்லை. ‘ஃபோல்டர் பட்டியலுக்காகக் காத்திருக்கிறது’ என்ற ஒற்றை வரி திரையில் அப்படியே நின்றது. அவள்தான் அலுத்துப்போய் ரத்து செய்தாள். செய்த அதே நொடியில், முதுகுக்குப் பின்னால் சர்வர் அறையில் ஓடிக்கொண்டிருந்த விசிறிகளின் இரைச்சல், யாரோ அடக்கிவைத்த மூச்சை விட்ட மாதிரி மெல்லத் தணிந்தது.

அறை என்பது பெயருக்குத்தான். ஒரு பீரோவை வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு கதவு. உள்ளே இரும்புச் சட்டத்தில் நாலைந்து பெட்டிகள், கற்றை கற்றையாய் ஒயர், சூடான தூசியின் வாடை. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. கட்டட வரைபடங்களை ஸ்கேன் செய்து அனுப்புகிற கிளை ஆபீஸ் அது. சனிக்கிழமை அரை நாள். இரண்டு மணிக்கே மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டார்கள். நாற்பது வரைபடங்களை அந்தச் சர்வரின் புது முகவரிக்கு அனுப்பிவிட்டு, பூட்டிக்கொண்டு, நாலு மணிக்குள் அண்ணன் வீட்டுக்குப் போய் மகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாப்பாவுக்கு ஐந்து வயது. காலையில் மாமாவோடு போக மாட்டேனென்று காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாலு மணிக்கு அம்மா வாசலில் நிற்பேன் என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் விட்டாள்.

ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். கணினியை அணைத்துப் போட்டாள். வைரஸ் தடுப்பைச் சற்று நேரம் தூங்க வைத்தாள். மறுபடி அதே வரி, அதே காத்திருப்பு. தன் செல்போனின் இணையத்தில் இணைத்துப் பார்த்தால் பட்டியல் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது: காலியான ஒரே ஒரு ஃபோல்டர். அந்த வழியாகவே ஏற்றலாமென்றால், ஆபீஸ் முகவரியிலிருந்து வந்தால்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தது. ஆக, கோளாறு ஆபீஸ் நெட்வொர்க்கில். ஒவ்வொரு தடவை அவள் ‘இணை’ என்று அழுத்தியபோதும் பின்னால் விசிறிகள் வேகம் பிடித்தன. ரத்து செய்தால் தணிந்தன. சூடு ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். புருஷன் போன இடம் தெரியாமல் போனபோது, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே இவளை உட்கார வைத்துவிட்டுத் தலைமை ஆபீஸுக்கு மாறிப்போனவன். மேசை, நாற்காலி மட்டுமல்ல, லாகினைக்கூட அப்படியே கொடுத்துவிட்டுப் போனான். என் பேரே இருக்கட்டும், மாற்றினால் பத்து இடத்தில் மாற்ற வேண்டும், வீண் தலைவலி என்றான். எல்லா ஆபீஸிலும் நடக்கிற சோம்பேறித்தனம்தானே, அவளும் தலையாட்டினாள். இரண்டு வருடமாக அவன் பெயரில்தான் உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறாள். புது முகவரியைப் போன வாரம் தந்தவனும் அவன்தான்.

முதல் மணியிலேயே எடுத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஃபயர்வாலைப் பார்க்கச் சொன்னான். ஆபீஸுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் நிற்கிற காவல்காரன் அது. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியாள் தானாக உள்ளே வர முடியாது. இந்தச் சர்வரோ பழைய காலத்து முறைக்காரன், நாம் போய்க் கூப்பிட்டால் பட்டியலை எடுத்துக்கொண்டு அவனே நம் வாசலுக்கு வருவான். காவல்காரன் அவனை வாசலிலேயே மறித்துவிடுகிறான். அண்ணன் சொன்னதில் தப்பே இல்லை. அவளே அதை யோசித்திருக்க வேண்டும்.

விதிகளின் பட்டியலைத் திறந்தாள். நூற்றுச் சொச்சம் விதிகள். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஒரே முகவரியைத் தடுக்க மட்டும் தனியாக ஒரு விதி. எழுதியவர் இடத்தில் அண்ணனின் பெயர். தேதி, அவள் வேலைக்குச் சேர்ந்ததற்கு முந்தின நாள்.

புது முகவரி என்றானே.

“அண்ணா, நீ போட்ட ரூல்தான் தடுக்குது. எடுத்துடவா?”

அந்தப் பக்கம் எங்கோ பாப்பா பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

“எடுத்துடும்மா. அப்ப ஏதோ தெரியாம போட்டது.”

எடுத்தாள். உள்ளே வர அனுமதி என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். இணை.

பட்டியல் வரவில்லை. பதிலாக, பெயரில்லாத ஒரு ஃபைல் வந்தது. அவள் கேட்கவில்லை, அதுவே வந்தது. பச்சைக் கோடு நிதானமாக நீண்டது. பத்து. முப்பது. அவளுடைய நாற்பது வரைபடங்களில் ஒன்றும் வெளியே போகவில்லை. ரத்து என்று அழுத்தினாள். கேட்கவில்லை. எழுபது. விசிறிகளின் ஓலத்தில் மேசையே அதிர்ந்தது. தூசியின் வாடையோடு இப்போது வேறொன்றும் கலந்திருந்தது, நாள்கணக்கில் கழற்றாத சாக்ஸைப் போல. நூறு.

விசிறிகள் நின்றன.

இரண்டு வருடத்தில் அவை நின்று அவள் கேட்டதே இல்லை. ஆபீஸ் இத்தனை அமைதியாக இருக்குமென்றே தெரியாது. அந்த அமைதியில், பூட்டிய சர்வர் அறைக்குள்ளே, இடம் போதாத ஒருவர் புரண்டு திரும்புகிற மாதிரி இரும்புச் சட்டம் கிணுங்கிற்று. பிறகு வெறுங்கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று.

வாசலுக்கு ஓடினாள். கதவுக்கான கார்டு இயந்திரமும் அதே நெட்வொர்க்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு எரியவில்லை. தோளால் இடித்தாள். அசையவில்லை. திரும்பி வந்து ஃபோனைக் காதில் வைத்தபோது அண்ணன் இன்னும் இணைப்பில்தான் இருந்தான்.

“அண்ணா, உள்ள யாரோ இருக்காங்க.”

“தெரியும்மா.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

“அது என் பேரைச் சொல்லி, நீதானான்னு கேக்கும். நான்தான்னு சொல்லிடு.”

“சொல்லலைன்னா?”

“ரெண்டு வருஷமா அத வெளியவே நிறுத்தி வெச்சிருந்தேன். போன வாரம் என் வீட்டு வரைக்கும் வந்துடுச்சு. நீ இல்லன்னு சொன்னா நேரா இங்கதான் வரும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “பாப்பா என் மடியிலதான் உக்காந்திருக்கா.”

காலையிலேயே வந்து, அழுத குழந்தையை வலியத் தூக்கிக்கொண்டு போனது எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. குழந்தைக்குச் சாக்லேட் வாங்கி வந்திருந்தான். இவளுக்கும் ஒன்று கொடுத்தான். பயம் இருந்தது. ஆனால் அதையும் மிதித்துக்கொண்டு மேலேறி வந்தது துக்கம்தான். கூடப் பிறந்தவன். அவனே சொல்லச் சொல்ல, அவள் தன் கையாலேயே திறந்திருக்கிறாள்.

திரையில் எல்லா ஜன்னல்களும் மூடிக்கொண்டன. நடுவில் அண்ணனின் பெயர் மட்டும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

இல்லை என்பதுதான் உண்மை. விரல் அதன்மேல்தான் போய் நின்றது. போகட்டும். யாரைத் தேடி வந்ததோ அவனிடமே போகட்டும்.

“மாமா, அம்மா எப்ப வருவாங்க?” ஃபோனில் அவள் மகள் கேட்டாள்.

அவன் இவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தான்.

அவள் விரல் நகர்ந்தது. ஆம்.

ஃபோனில் அண்ணன் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. அவள் பாப்பாவை ஒரு தடவை கூப்பிடச் சொல்லி வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான்.

பின்னால் பூட்டு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து.

அவள் திரும்பினாள். கதவு இரண்டு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே பெட்டிகளின் விளக்குகள் இல்லை. ஒன்றுமே இல்லை. கதவின் விளிம்பை நான்கு விரல்கள் வந்து பற்றின. வெளுத்தவை. நகமில்லாதவை. அவற்றுக்குக் கீழே இன்னும் நான்கு. அதற்கும் கீழே நான்கு. முழங்கால் உயரத்தில். தரையில்.

எல்லாம் ஒரே கையின் விரல்கள்.