முன்னால் நகர்ந்த பாரம்

டிரெய்லர் வாலாட்டியது. காற்றே இல்லாத காலை, நூல் பிடித்தாற்போல நேரான சாலை; ஆனாலும் ஆர்லிஸின் பிக்கப் வண்டிக்குப் பின்னால் அந்த இருபதடி வெள்ளை டிரெய்லர் இடமும் வலமுமாக மெல்ல அசைந்துகொண்டே வந்தது. வடக்கு டகோட்டாவில் இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்குக் காரணம் தெரியும். பின்பக்கம் பாரம் கூடிவிட்டது. ஓரங்கட்டி உள்ளே ஏறிப் பார்த்தாள். பின்கோடியில் கட்டில் மட்டும்தான். ஈரக் கம்பளியின் வாடை லேசாக அடித்தது. எங்கோ கூரை ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர்க் கேன்களையும் கருவிப் பெட்டியையும் முன்பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆட்டம் நின்றது.

தங்கை மார்வா சும்மா கொடுத்த டிரெய்லர் அது. போன குளிர்காலத்தில் கணவன் ட்வெய்ன் இறந்த பிறகு மார்வா அதற்குள் காலெடுத்து வைக்கவில்லை. "நீ எடுத்துக்கிட்டு அரிசோனா பக்கம் போ அக்கா. உன் முட்டிக்கு அந்த வெயில்தான் மருந்து" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடக்கம் முடிந்து நாலு மாதம் தன் வீட்டை மறந்து தங்கையோடு கிடந்ததற்கு நன்றி இது என்று ஆர்லிஸுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கிளம்பியதிலிருந்து மார்வா போன் செய்தபடி இருந்தாள். கேள்வி ஒன்றுதான்.

"வண்டி எப்படி இழுக்குது அக்கா? பாரமா இருக்கா?"

முதல் இரவு அந்தக் கட்டிலில் தூங்கினாள். விடிந்து பார்த்தால், அவள் படுக்காத பக்கத்திலும் மெத்தை பள்ளமாகியிருந்தது.

காலையில் கொக்கியின் மேல் விழும் பாரத்தைச் சின்னத் தராசில் பார்த்தாள். ஐந்நூறு பவுண்டு. மதியம் நெப்ராஸ்காவில் நிறுத்தி மறுபடி பார்த்தாள். ஐந்நூற்றெழுபது. உள்ளே ஒரு சாமானும் இடம் மாறவில்லை; ஆனாலும் பாரம் முன்பக்கம், பிக்கப்பை நோக்கி நகர்ந்திருந்தது. அங்கேயே ஒரு தானியக் கிடங்கின் லாரித் தராசில் டிரெய்லரை ஏற்றினாள்.

தராசுக்காரர் மெர்ல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "தண்ணித் தொட்டி காலி, சாமானெல்லாம் கணக்குல சேர்த்தாச்சுங்கறீங்க. அப்படியும் நூத்தெண்பது பவுண்டு கூட வருதேம்மா. முழுசா ஒரு ஆள் எடை. யாரையாவது கடத்திக்கிட்டுப் போறீங்களா?"

ஆர்லிஸ் எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

மூன்று மணிக்குப் பனி தூற ஆரம்பித்தது. பிக்கப்பின் பின்பக்கம் கீழே அழுந்தி, மூக்கு மேலே தூக்கிக்கொள்ள, எதிரே வருகிற லாரிகளெல்லாம் அவள் விளக்கில் கண் கூசுகிறதென்று விளக்கைச் சிமிட்டிவிட்டுப் போயின. அப்புறம் அந்தச் சத்தம். டிரெய்லரின் முன்சுவரில் கிளம்பி, கொக்கி வழியாக இரும்பில் ஓடி, அவள் இருக்கையின் அடியில் வந்து அதிர்ந்தது. டொக். டொக். டொக். கதவு திறக்கட்டும் என்று காத்திருந்து, காத்திருந்து தட்டுகிற தட்டு.

வண்டியை நிறுத்தி மார்வாவைக் கூப்பிட்டாள்.

"உள்ள என்னடி இருக்கு?"

"அவர் செத்த அன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை அக்கா. டிரெய்லர்ல போய்ப் படுன்னு அவரை வெளிய தள்ளி வீட்டைப் பூட்டிட்டேன். அதுல ஹீட்டருக்கு கேஸ் தீர்ந்திருந்தது. எனக்குத் தெரியும். ராத்திரி பூரா அந்தக் குளிர்ல வீட்டுக் கதவைத் தட்டினாரு. நான் திறக்கல."

"தூக்கத்துல போயிட்டாருன்னு சொன்னே."

"புதைச்ச பிறகும் தட்டினாரு. தினமும். அவருக்கு நான்தான் வேணும்னு இல்ல அக்கா. பக்கத்துல ஒரு ஆளு இருந்தாப் போதும்."

"உன் எச்சில் தட்டைக் கழுவினேன்டி நாலு மாசம்!"

"நீ தனியாத்தானே இருக்கே" என்றாள் மார்வா. கெஞ்சுகிற குரல்கூட இல்லை. தீர்மானித்துவிட்ட குரல்.

ஆர்லிஸ் போனைப் பக்கத்து இருக்கையில் எறிந்துவிட்டு இறங்கினாள். மின்கம்பியைப் பிடுங்கினாள். சங்கிலிகளைக் கழற்றினாள். விரல்கள் இரும்பில் ஒட்டி உரிந்தன. ஜாக்கியைச் சுற்ற, டிரெய்லரின் மூக்கு ஒரு வெற்றுப் பெட்டி போலச் சுலபமாக மேலெழுந்தது. தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. யோசிக்கவில்லை. ஏறினாள். மிதித்தாள்.

கண்ணாடியில் டிரெய்லர் சிறுத்தது. பனியில் கரைந்தது. போயிற்று.

அவள் அழுதாள். பயத்தில் இல்லை. தங்கை கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை நினைத்து.

போன் இன்னும் உயிரோடிருந்தது. "அக்கா? அதைக் கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்."

"அப்போ... வண்டி இப்ப லேசா இருக்கா?"

ஈரக் கம்பளியின் வாடை. பக்கத்து இருக்கையின் தோல் முனகியது. போன் மெல்லச் சரிந்து, நடுவில் விழுந்த பள்ளத்துக்குள் உருண்டது. முன்பலகையில் சிவப்பு விளக்கொன்று எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சீட் பெல்ட் போடவில்லை என்று மணி அடிக்கத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில், பெல்ட் தானாக நீண்டு வந்து மாட்டிக்கொள்ள, மணி நின்றது.