ஒன்பது நாற்பது காவிக் குறி

மடார்!

சொர்ணவல்லியின் கையிலிருந்த ஊசிக் குழாய் நழுவித் தரையில் உடைந்தது. சத்தம் வீட்டின் இரண்டாம் கட்டிலிருந்து வந்தது. விடலைத் தேங்காய் சிதறுகிற சத்தம், ஆனால் அதைவிடக் கனம். உடனே இன்னொன்று. அப்புறம் ஒன்றுமில்லை.

1967 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை 10.20.

காரைக்குடியில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த அந்தப் பெரிய வீட்டை மூன்று டாக்டர்களின் அம்மைத் தடுப்பு முகாமுக்காக வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். சொர்ணவல்லி அவர்களில் ஒருத்தி. மூவரும் சர்க்கார் வேலையில் இருந்துகொண்டே பொதுச் சுகாதார மேற்படிப்புப் படிப்பவர்கள். வகுப்பெல்லாம் மதுரையில் முடிந்துவிட்டது. இனி ஊர் ஊராகப் போய் அம்மை குத்திய கணக்கெடுத்து ஆய்வு எழுதிக் கொடுத்தால் பட்டம். பட்டம் வந்தால் மாவட்ட அதிகாரி நாற்காலி.

சொர்ணவல்லி நடு முற்றத்து வளவைத் தாண்டி ஓடினாள். இரண்டாம் கட்டின் வாசற்படியில் கால் வழுக்கியது. குனிந்து பார்த்தாள். ரத்தம்.

டாக்டர் சிதம்பரம் மேசைக்கும் சுவருக்கும் நடுவே மல்லாந்து கிடந்தார். நெற்றியின் இடப்பக்கம் உள்ளே போயிருந்தது. ஒரு கண் திறந்திருந்தது, இன்னொன்று இருந்த இடம் தெரியவில்லை. சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்புத் தெறிப்பு. பக்கத்தில் அம்மிக் குழவி, அதன் முனையில் கொத்தாக மயிர்.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொத்தனார் முத்துவீரன் உட்கார்ந்திருந்தான். முழங்கை வரை ரத்தம்.

"நான் இல்ல டாக்டரம்மா! கொல்லைக் கதவு தொறந்து கெடந்துச்சு. சத்தம் கேட்டு ஓடியாந்தேன். சத்தியமா நான் இல்ல தாயி!"

பத்து நாளுக்கு முன்னால் இதே முத்துவீரன் வாசலில் நின்று, ஊர் கேட்க, "ஒன் மண்டையைப் பொளக்காம விட மாட்டேன்டா!" என்று சிதம்பரத்தைப் பார்த்துக் கத்தியிருந்தான். அவன் மகள் நாகம்மை பெரியம்மையில் போய்விட்டாள். ஆறு வயது. முகாம் அட்டையில் அவளுக்கு அம்மை குத்தியாயிற்று என்று எழுதியிருந்தது. குத்தவேயில்லை.

10.55. இன்ஸ்பெக்டர் வீரணன் வந்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார், ஆறாவது நிமிஷம் முத்துவீரனின் கன்னத்தில் அறைந்தார்.

"எதுக்குடா வந்தே?"

"அவுகதான் வரச் சொன்னாக ஐயா."

"யாரு? செத்தவரா?"

"ஆமாங்கய்யா. நாகம்மை அட்டைய எழுதுன கை எதுன்னு காட்டுறேன், செவ்வாக்கெழமை வாடான்னாக."

"செத்தவன் சாட்சிக்கு வர மாட்டான்னு தெரிஞ்சு பேசுறியா? இழுத்துட்டு வாங்கய்யா மூணாம் கட்டுக்கு."

சொர்ணவல்லி குறுக்கே போனாள். "இன்ஸ்பெக்டர், அவன் சொல்றதைக் கொஞ்சம்..."

"டாக்டரம்மா, நீங்க ஊசி போடுறதைப் பாருங்க. நாலு மணிக்கு இவனை மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். அதுக்குள்ள வாக்குமூலத்துல கைநாட்டு வாங்கிருவேன்."

சற்று நேரத்தில் மூன்றாம் கட்டிலிருந்து லத்தி விழும் ஓசை வந்தது. பாதத்தில் அடிக்கிறார்கள் என்று அந்த ஓசையிலேயே தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு அலறல். பிறகு இரண்டு அடிக்கு ஒன்று. பிறகு அடி மட்டும் கேட்டது.

சொர்ணவல்லி சிதம்பரத்தின் மேசைக்குப் போனாள். தெருவாரியாகக் கட்டி அடுக்கிய வீட்டு அட்டைகள். முத்துவீரன் குடியிருந்த தெருவின் கட்டைக் காணோம். கொத்தனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் எதற்கு ஒரே ஒரு கட்டைத் தேடி எடுக்க வேண்டும்? எடுத்ததை எங்கே வைத்திருக்கிறான்?

நேற்று மூவரும் உட்கார்ந்த மதியச் சாப்பாட்டில் சிதம்பரம் இலையைப் பார்த்தபடியே சொன்னது அவள் காதில் ஒலித்தது. "நாளைக்குச் சாயங்காலம் மதுரையிலேருந்து நம்ம பேராசிரியர் வாராரு. அவருட்ட ஒண்ணு சொல்லப் போறேன். சொன்னா மூணு பேர்ல ஒருத்தருக்குப் படிப்பும் போகும், வேலையும் போகும்."

12.05. மோட்டார் சைக்கிள் சத்தம். மூன்றாமவர், டாக்டர் ஆண்டியப்பன். நேற்றுச் சாப்பிட்டு எழுந்ததும் திங்கட்கிழமைச் சந்தைக்கு என்று சொல்லிப் போய், இருட்டும் நேரத்தில் வெறும் பையோடு திரும்பியவர். இப்போது தலை ஈரமாக இருந்தது. வேட்டி சட்டை சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ முருகா! அந்தப் பயலை உள்ள விட்டது யாரு?"

"நீங்க எங்க சார் இருந்தீக?" என்றார் இன்ஸ்பெக்டர், கையிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

"நாச்சியாபுரம். ஒன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும் இருபது வீடு. வெயிலு தாங்கல, வர்ற வழியில கெணத்துல ஒரு முழுக்குப் போட்டேன். இந்தாங்க அட்டை. வீட்டு வீட்டுக்குக் குறியும் போட்டிருக்கேன், ஆளை விட்டுப் பார்த்துக்கங்க."

குறி என்பது முகாமின் முதல் விதி. போன வீட்டின் நிலைக்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் காவிக் கட்டியால் தேதி, மணி, கையெழுத்து. இரண்டாவது விதியைச் சிதம்பரமே கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார். ஆண்டியப்பன் அதன் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். 'வேப்பிலை கண்டால் மற்ற வேலையை நிறுத்து. உடனே தகவல் சொல்.'

சொர்ணவல்லி இருபது அட்டைகளையும் புரட்டினாள். எல்லாம் ஒரே மாதிரி. காய்ச்சல் இல்லை, அம்மை இல்லை, எல்லோருக்கும் குத்தியாயிற்று. இருபது வீட்டில் ஒரு பிள்ளைக்குக்கூடச் சளி இல்லை!

1.30. நாச்சியாபுரம் போன கான்ஸ்டபிள் சின்னச்சாமி திரும்பினார். "இருபது வீட்டுலயும் குறி இருக்குங்கய்யா. இன்னைக்குத் தேதி. ஒன்பது அஞ்சு, ஒன்பது பத்து, வரிசையா."

"போதுமா டாக்டரம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

போதவில்லை. அவள் ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

2.30. நாச்சியாபுரம். தெரு வெறிச்சென்று இருந்தது. அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியாகப் பார்த்து வந்தாள். ஒன்பது முப்பது, ஒன்பது முப்பத்தைந்து. அடுத்த வீட்டின் முன் அவள் கால்கள் தாமாக நின்றன.

ஓட்டு வீடு. உள்ளேயிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். அட்டையில் பெயர் இருந்தது, சோணையம்மாள்.

"கிட்ட வராதீக தாயி. பேரனுக்கு முத்துப் போட்டிருக்கு."

"எப்போலேருந்து?"

"கோழி கூப்புடுறப்பப் பார்த்தேன். அப்பவே மஞ்சத்தண்ணி தெளிச்சு, வாசல்ல கட்ட வேண்டியதையும் கட்டிப்புட்டேன். பால்காரன் பெத்தன்கூடத் தூக்கை எடுத்துக்கிட்டு ஓடிட்டான், பயந்தாங்கொள்ளி."

"காலையில ஒரு டாக்டர் வந்தாரா?"

"இந்த வாசலுக்கா? நாயி கூட வரல."

"சுவத்துல குறி இருக்கே ஆத்தா?"

"அது எப்பப் போட்டாகளோ! நேத்துச் சந்தை. பொழுது சாய்ற மட்டும் ஊர்ல ஒரு குஞ்சு குழந்தை இல்ல."

சொர்ணவல்லி சுவருக்கு அருகே போனாள். 14-3-67. ஒன்பது நாற்பது. அந்த எழுத்துகளின் மேல் மஞ்சள் நீர் வழிந்து, காவி கரைந்து கோடு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது.

பெட்டியைத் திறந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் மீதி இருந்தவர்களுக்கு மளமளவென்று அம்மை குத்தினாள். அதற்கு அரைமணி போயிற்று. ஒவ்வொரு நிமிஷமும் முத்துவீரனின் பாதங்கள் நினைவுக்கு வந்தன.

3.40. முகாம். மூன்றாம் கட்டில் முத்துவீரன் சுவரோடு சாய்ந்திருந்தான். உதடு கிழிந்து, இரண்டு பற்கள் மடியில் கிடந்தன. இன்ஸ்பெக்டர் அவன் கட்டை விரலை மைப் பெட்டியில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! சிதம்பரத்தைக் கொன்னது ஆண்டியப்பன்."

இன்ஸ்பெக்டர் விரலை விடாமலே நிமிர்ந்தார்.

"வீட்டுக்குப் போகாமலே அட்டை எழுதுறது அவர் வழக்கம். நாகம்மை அட்டையை எழுதுனதும் அவர்தான். சிதம்பரம் கண்டுபிடிச்சிட்டார், இன்னைக்குப் பேராசிரியர்ட்டச் சொல்ல இருந்தார். அதனால நேத்துச் சந்தைக்குன்னு சொல்லி நாச்சியாபுரம் போய், ஆளில்லாத ஊர்ல இன்னைக்குத் தேதியைப் போட்டுட்டு வந்தார். காலையில கொல்லை வழியா வந்து குழவியால ரெண்டு அடி. அந்தத் தெருக் கட்டைத் தூக்கிட்டுப் போய்க் கெணத்துல ரத்தத்தைக் கழுவிட்டு, மாத்துத் துணியில வந்தார்."

"குறி இருக்கேம்மா. நேத்துப் போட்டதுன்னு எப்படிச் சொல்றீக?"

"ஒன்பது நாற்பதுக்குப் போட்ட குறி மேல விடியக்காலம் தெளிச்ச மஞ்சத்தண்ணி வழிஞ்சு கிடக்கு. அது அம்மை கண்ட வீடு. வாசல்ல வேப்பிலை. சுகாதாரம் படிக்கிறவன் ராத்தூக்கத்துல போனாக்கூட வேப்பிலையைக் கண்டா நிப்பான். இவர் அட்டையில அம்மை இல்லைன்னு இருக்கு."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். "வேப்பிலையா? சின்னச்சாமி, நீ பார்க்கலையா?"

"பார்த்தேங்கய்யா. அதான் தெருவுல நின்னே எட்டிப் படிச்சேன். நீங்க குறியைத்தானே பார்க்கச் சொன்னீக?"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். ஆனாலும் விரலை விடவில்லை. "தண்ணியை மத்தியானம் தெளிச்சுட்டு அந்தப் பொம்பளை மாத்திச் சொல்லலாம். வேப்பிலையை டாக்டர் போனப்புறம் கட்டியிருக்கலாம். வக்கீல் கேப்பானே அம்மா!"

"வக்கீல் வேண்டாம். அவரையே கூப்பிடுங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேக்குறேன்."

3.50. ஆண்டியப்பன் வந்தார். முத்துவீரனைக் கண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டார். சொர்ணவல்லி சாதாரணமாக, ஊர்க்கதை கேட்பதுபோல் ஆரம்பித்தாள்.

"அண்ணே, இப்பத்தான் நாச்சியாபுரம் போய்ட்டு வாரேன். சோணையம்மா உங்களை ரொம்ப விசாரிச்சுச்சு. காலையில நீங்க போனப்ப அது வீட்டு வாசல்ல பச்சையா ஒண்ணு கட்டியிருந்துச்சாமே, பார்த்தீகளா?"

ஆண்டியப்பன் ஒரு கணம் யோசித்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அப்புறம் நிம்மதியாகச் சிரித்தார்.

"பார்க்காம என்ன? மாவிலைத் தோரணம். பேரனுக்குக் காது குத்துன்னு சொல்லி, அந்தம்மா எனக்கு ஒரு டம்ளர் பானகம்கூடக் குடுத்துச்சே!"