ஆறாம் தொகுதி காணவில்லை

காலை ஒன்பது மணிக்கு எஸ்டேட் கிளப்பின் கண்ணாடி அலமாரியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பன்னிரண்டு தொகுதி ஆங்கில அகராதியில் ஆறாவது இல்லை. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு கையகலத்துக்கு இருட்டு.

பெங்களூரிலிருந்து வந்திருந்த புத்தக வியாபாரி உதட்டைப் பிதுக்கினார். முழு செட் இல்லையென்றால் அவருக்கு வேண்டாம்.

பத்தரைக்குக் குன்னூரிலிருந்து தபஸ்ஸும் என்ற போலீஸ் எஸ்.ஐ. வந்தாள். எஸ்டேட் சாலையில் எதிரே ஓர் ஆள் வரவில்லை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபாக்டரி மூடிக் கிடந்தது. கவாத்து காணாத செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. இந்த மலைக்கு மாற்றலாகி வந்த பிறகு, ஆளில்லாத இடங்களில்தான் அவள் மனம் அடங்கியது. அது அவளுக்கே பிடிக்காத பழக்கம்.

பழைய கிளப்பின் படிப்பறையில் மேனேஜர் பாலகுமார் முந்திக்கொண்டார்.

"கேஸ் சிம்பிளுங்க மேடம். நேத்து இந்த ரூமைக் கூட்டினது தெய்வம்மா. அலமாரிச் சாவியோட கொத்தே அவ கையில. எடைக்குப் போட்டிருப்பா."

கதவோரம் நின்ற தெய்வம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம் அவளுடையது. அதில் மிச்சமிருந்தது அவள் மட்டும்.

"ஒத்தப் பொஸ்தகத்த எடைக்குப் போட்டா ஒரு டீத்தண்ணி கெடைக்குமா தொரை? பொஸ்தகத்தத் தொடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க. கண்ணாடிய வெளிய தொடச்சேன், தரையக் கூட்டுனேன். பூட்டி, சாவிய மாஸ்டர் கையில குடுத்தேன்."

"மத்தியானத்துக்குள்ள புத்தகம் வரணும். இல்லைன்னா காம்பராவைக் காலி பண்ணு."

தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவளுக்கிருந்த ஒற்றை அறை அது.

ஜன்னலருகே மனோகரன் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர். பள்ளி மூடிய பிறகும் சம்பளமில்லாமல் இந்த அறையைப் பார்த்துக்கொள்கிறார்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்றாள் தபஸ்ஸும்.

"முந்தாநாள் சாயங்காலமுங்க. ஆறாவதைத்தான் எடுத்துப் படிச்சேன். திருப்பி வெச்சுப் பூட்டினேன்."

"நேத்துக்கு முன்னாடி சாவி?"

"எப்பவும் என்கிட்டத்தானுங்க. இங்க வேற யார் வர்றாங்க?"

"அப்படி என்ன இருக்கு அதுல?"

அவர் முகம் மாறியது. "'லைன்'னு ஒரு வார்த்தைங்க. ஆதியில அதுக்கு நூலுன்னு அர்த்தம். அப்புறம் கயிறு. கயித்தை இழுத்துப் புடிச்சா கோடு. கோட்டுல ஆள் நின்னா வரிசை. பட்டாளத்துக் கூடாரம் வரிசையா நின்னா அதுவும் லைன். ரயிலுக்குப் போச்சு, தந்திக்குப் போச்சு. வெள்ளைக்காரன் தோட்டத்து ஆளுகளுக்கு வரிசையா வீடு கட்டினான், அது நம்ம சனங்க வாயில லயம் ஆச்சு. இப்பப் பசங்க பொண்ணுக பின்னாடி சுத்தறதும் லைன்தான். புது அர்த்தம் வந்தா பழசு எந்திரிச்சுப் போயிடறதில்லீங்க. தள்ளி உக்காந்து இடம் குடுக்குது."

இவ்வளவு நீளமாக இவர் பேசி எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று நினைத்தாள் தபஸ்ஸும். தான் பேசி எவ்வளவு நாள் என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு அலமாரிக்குள் கைவிட்டாள். மேல்தட்டில் ஒரு பல்பு. சில்லென்றிருந்தது.

"இது எரியறதில்லையா?"

"பூஞ்சை புடிக்காம இருக்க எப்பவும் எரியுமுங்க" என்றார் பாலகுமார். "செலவு கட்டுப்படியாகலைன்னு ஆடி மாசம் இந்தக் கட்டிடத்துக்கே கரண்ட்டை நிறுத்திட்டோம்."

இப்போது ஐப்பசி. தபஸ்ஸும் நான்காம் தொகுதியை உருவினாள். முதுகில் வெள்ளைப் பூஞ்சை. இரண்டு பக்க அட்டையும் சுத்தம். ஐந்தை உருவினாள். நான்கை ஒட்டி நின்ற அட்டை சுத்தம். காலி இடத்தைப் பார்த்த அட்டை முழுக்கப் பூஞ்சை, பஞ்சு ஒட்டியதுபோல். ஏழின் இந்தப் பக்கமும் அப்படியே.

"புத்தகத்தோட புத்தகம் நெருக்கி நின்னா நடுவுல ஈரக்காத்து போகாது" என்றாள். "முந்தாநாள் வரைக்கும் ஆறாவது இங்க இருந்திருந்தா இந்த அட்டையும் சுத்தமா இருக்கணும். இவ்வளவு பூஞ்சை ரெண்டு நாள்ல வராது. இந்த இடம் வாரக்கணக்காக் காலி. தெய்வம்மா கைக்குச் சாவி போனது நேத்து. இல்லாத புத்தகத்தை முந்தாநாள் படிச்சேன்னு சொன்னவர் ஒருத்தர்தான். எங்க வெச்சிருக்கீங்க மாஸ்டர்?"

மனோகரன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊட்லங்க. தலகாணிப் பக்கத்துல."

பாலகுமார் எழுந்தேவிட்டார். "படிச்ச மனுசன் செய்யற வேலையா இது?"

"விக்கப் போறாங்கன்னு மழைக்கு முன்னாடியே பேச்சு வந்துச்சுங்க. ஒண்ணு குறைஞ்சா யாரும் வாங்க மாட்டாங்க, மத்ததெல்லாம் இங்கயே கிடக்கும்னு நெனச்சேன். ஒரு வார்த்தையைப் பிரிச்சா நானூறு வருசத்து ஆளுக பேசற சத்தம் கேக்குமுங்க. இங்க வேற சத்தம் ஏது?"

தபஸ்ஸுமுக்குப் புரிந்தது. புரிந்ததே எரிச்சலாக இருந்தது. "அந்தம்மாவைத் திருடின்னு சொன்னப்ப நீங்க ஏன் பேசலை?"

மனோகரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெய்வம்மாதான் பேசினாள். "லயம்னா இத்தன அர்த்தம்னு அடுக்கினீங்களே மாஸ்டர். எனக்கு அது ஒண்ணே ஒண்ணுதான். அதப் புடுங்கறப்ப ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க."

புத்தகம் வந்தது. பன்னிரண்டும் வியாபாரியின் வேனில் ஏறின. கேஸ் வேண்டாமென்றார் பாலகுமார். "காலி பண்ண வேண்டாம், போ" என்று தெய்வம்மாவிடம் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் பனிமூட்டத்துக்குள் இறங்கினாள். காலையும் மாலையும் அந்த வழியாகப் போகும்போது "மாஸ்டர், சாப்டீங்களா?" என்று கேட்க அந்த எஸ்டேட்டில் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"தெய்வம்மா" என்று மனோகரன் கூப்பிட்டார். இன்னொரு தரம், சத்தமாக.

செருப்புச் சத்தம் நிற்காமல் கீழே போய்க்கொண்டே இருந்தது.