கடைசி ஆள் வழி விடக்கூடாது

அன்று சாயங்காலம் வற்றிப்போன ஏரியின்மேல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர்கள் இவர்கள்:

முதலில் ஹேமந்த். பயணத்தை நடத்துகிறவன். சென்னைக்காரன். கென்யாவில் சில வருஷம் வெள்ளைக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போய் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் காட்டிவிட்டு ஊர் திரும்பியவன்.

அடுத்து பொன்னுரங்கம். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்து, அதை மகன் தலையில் கட்டிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியவர். வாய் ஓயாதவர்.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி சாந்தி. முழங்கால் வலிக்காரி. எப்போதும் கொஞ்சம் பின்தங்குவாள்.

கடைசியில் மஞ்சு.

மஞ்சுவுக்குப் பின்னால் யாரும் இல்லை. யாரும் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவளுக்குச் சம்பளம்.

அவளுக்குப் பின்னால் மணி அடித்தது.

ஒரே ஒரு தடவை. சைக்கிள் மணிதான். ஆனால் அந்தச் சத்தத்தில் பித்தளை இல்லை. கிண்ணத்துக்குள் சேறு அடைத்துக்கிடக்கிற மணியைக் கட்டைவிரலால் தட்டினால் வருமே, அப்படி ஒரு 'டொக்'. மஞ்சு மிதிப்பதை விடாமல் காதை மட்டும் பின்னால் கொடுத்தாள். காற்று. டயருக்கடியில் பாளம் பாளமாக வெடித்த சேறு நொறுங்கும் சத்தம். தூரத்தில் பூநாரைகள் வாத்துக்கூட்டம் போலக் கத்துவது. அவ்வளவுதான்.

மணி அடிப்பது ஹேமந்த் கொண்டுவந்த பழக்கம். ஏரிக்குள் போன் எடுக்காது. எடுத்தாலும் ஆந்திரா டவர் பிடித்துக்கொண்டு தெலுங்கில் பேசும். அதனால் முன்னால் போகிறவன் இரண்டு தடவை மணி அடிப்பான். கடைசி ஆள் ஒரு தடவை அடிப்பாள். எனக்குப் பின்னால் யாருமில்லை, எல்லாரும் வருகிறோம் என்று அர்த்தம். சற்றுமுன் ஹேமந்த் அடித்தான், மஞ்சு பதில் அடித்தாள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த 'டொக்'.

காலையில் சுண்ணாம்புக்குளத்து வீட்டு வாசலில் ஹேமந்த் இந்தச் சட்டங்களைத் திரும்பவும் சொன்னான்.

"கடைசி ஆள் எப்பவும் கடைசி. யாராச்சும் பின்தங்கிட்டா நிக்கணும். அவங்கள முன்னாடி அனுப்பிட்டுத்தான் நீ நகரணும். புரியுதா மஞ்சு? கென்யால இதை மறந்த ஒருத்தன் பின்னாடி சிங்கம் வந்துச்சு."

"இங்க இன்னா வரும் தம்பி? எருமையா?" என்றார் பொன்னுரங்கம்.

"எருமைதான் எனக்கு முன்னாடியே போகுதே," என்றாள் சாந்தி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரி சூசையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஹேமந்த்தின் விருந்தாளிகளுக்குச் சோறும் படுக்கையும் அவள் வீட்டில்தான். இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு மஞ்சுவைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"கடைசியா வர்றது நீதானே?"

"ஆமாக்கா."

"நீ உள்ள வந்ததும் பூட்டிடுவேன். அப்புறம் எவன் தட்டினாலும் தொறக்கமாட்டேன். ஏரி வத்துற மாசம். உனக்குத் தெரியாதது இல்ல. உங்கம்மா சொல்லியிருப்பா."

சொல்லியிருக்கிறாள். மஞ்சுவின் அம்மா ஏரியில் இறால் தடவியவள். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற வேலை. பொழுது சாய்ந்தால் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக வரிசையில் கரையேறுவார்கள். கடைசியாக வருகிறவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நிற்கக்கூடாது. பின்னால் என்ன கேட்டாலும் வழி விடக்கூடாது. ஏரியில் மூழ்கி உடம்பு கிடைக்காதவர்கள் தண்ணீர் வற்றும்போது வெளியே வருவார்களாம். அவர்களுக்கும் வீட்டுக்குப் போகவேண்டுமாம். வரிசையில் இடம் கொடுத்தால் வந்துவிடுவார்களாம்.

மஞ்சு இதையெல்லாம் நம்பினாள் என்று சொல்லமுடியாது. கம்பெனியில் செல்போன் மூடி மாட்டும் வேலையில் இரண்டு வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தவள். தூக்கம் கெட்டால் கண்ணுக்கு என்னென்னவோ தெரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த வேலையை விட்டது மகள் சோபியாவுக்காக. புருஷன் ஓடிப்போனவன், அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சோபியா இரவெல்லாம் சூசையம்மாள் வீட்டில் படுத்துக் கிடப்பாள். விடியற்காலையில் மஞ்சு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணைத் திறக்காமலே அம்மா கையை இழுத்து மோந்து பார்ப்பாள். அம்மாதான் என்று உறுதியான பிறகுதான் திரும்பிப் படுப்பாள். பகலில் யார் கையையும் விடமாட்டாள், ராத்திரி யார் பக்கத்திலும் தூங்கமாட்டாள் என்று ஆனபோது மஞ்சு கம்பெனிக்குப் போவதை நிறுத்தினாள். ஹேமந்த் வேலை கொடுத்தான்.

"ராத்திரி என்கூடத்தானே படுப்ப?" என்று காலையில் சோபியா கேட்டாள்.

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடுவேன் கண்ணு."

"நெஜமா?"

"நெஜமா."

அடையாளத்துக்கு என்று சொல்லி, மஞ்சுவின் ஹெல்மெட்டின் பின்பக்கம் நீல மீன் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டாள் சோபியா. கோணலாக, வால் கிழிந்து.

இப்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஏரியில் பொழுது இறங்குவது ஊரில் இறங்குவது மாதிரி இல்லை. மரம் கிடையாது, வீடு கிடையாது, நிழல் விழ ஒன்றும் கிடையாது, வானம் செம்பாகி, சாம்பலாகி, தரையும் அதே சாம்பலாகி, எங்கே நிலம் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடும். கடல் பக்கமிருந்து காற்று எழுந்து உப்புப் புழுதியை முழங்கால் உயரத்துக்குக் கிளப்பியது. உதட்டில் உப்பு. மூக்கில் காய்ந்த சேறும் செத்த சிப்பியும் சேர்ந்த நாற்றம். முன்னால் போகிறவர்கள் புழுதிக்குள் உருவங்களாகி, பின் சிவப்பு விளக்குகளாகி, பின் அதுவும் மங்கிப்போனார்கள்.

டொக்.

இந்தத் தடவை பக்கத்தில்.

மஞ்சு திரும்பிப் பார்த்தாள். புழுதி. புழுதிக்குள் ஒரு மங்கிய வெளிச்சம், மஞ்சள் நிறத்தில், ஆடாமல் வந்துகொண்டிருந்தது. சைக்கிள் விளக்குதான்.

மஞ்சு பயந்தாள். பேயை நினைத்து இல்லை. சாந்தியை நினைத்து.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வேலிகாத்தான் புதர் ஒன்று வந்தது. சாந்தி அதன் மறைவில் ஒதுங்கப் போனாள். மஞ்சு மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பிறகு புதருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் கிளம்பியது; அதன் பின்னால் இவளும் கிளம்பினாள். அது சாந்தியா? பொன்னுரங்கமும் அங்கேதான் நின்றிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தாள்.

ஆளை விட்டுவிட்டு வந்துவிட்டோமா?

"அக்கா!" என்று பின்னால் பார்த்துக் கத்தினாள். "சாந்தியக்கா! நீங்களா?"

டொக்.

நிற்காதே என்றாள் அம்மா, செத்து இத்தனை வருஷம் கழித்து, காதுக்குள். நிக்கணும் என்றான் ஹேமந்த். அம்மா சொன்னது கதை. ஹேமந்த் சொன்னது வேலை. முழங்கால் நொந்த ஒரு பொம்பளையை இருட்டுகிற நேரத்தில் ஏரிக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மகளோடு படுத்துக்கொள்ள முடியுமா? மஞ்சு பிரேக்கைப் பிடித்தாள். காலை ஊன்றினாள். பாளம் உடைந்து செருப்பு ஈரத்துக்குள் இறங்கியது. இவ்வளவு காய்ந்த தரைக்கடியில் இன்னும் ஈரம் இருந்தது. குளிர்ந்த ஈரம்.

சைக்கிள் வந்தது. சேறு நொறுங்கும் சத்தம் கேட்டது. செயின் ஓடும் சத்தம் கேட்கவில்லை. மூச்சு வாங்கும் சத்தமும் கேட்கவில்லை. விளக்கு அவள் முகத்துக்கு நேராக இருந்ததால் பின்னால் இருப்பது தெரியவில்லை. நாற்றம் மட்டும் முன்னால் வந்தது. சேற்றின் அடியிலிருந்து கலப்பையால் கிளறி எடுத்த மாதிரி.

பக்கத்தில் வந்து நின்றது.

போகவில்லை. சும்மா நின்றது. காத்துக்கொண்டு.

விளக்கின் கூச்சத்தில் மஞ்சு கண்ணைத் தாழ்த்தினாள். ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது. செருப்பு இல்லை. விரல்களுக்கு நடுவில் பச்சைப் பாசி.

கத்தியிருக்க வேண்டும். ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொல்லப் பழகியிருந்தது. இரண்டு நாளாக, ஒவ்வொரு திருப்பத்திலும், பின்தங்கிய ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்டது. பயத்தில் அதுதான் வந்தது.

"நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வரேன்."

அது போனது.

தாண்டிப் போகும்போது முதுகு தெரிந்தது. மஞ்சள் சட்டை, கடைசி ஆள் போடுகிற பளபளப்புச் சட்டை, சொட்டச் சொட்ட நனைந்து. தலையில் ஹெல்மெட். ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு நீல மீன். கோணலாக. வால் கிழிந்து.

மஞ்சு தன் தலைக்குப் பின்னால் தடவினாள். விரலில் சேறு வந்தது.

மிதித்தாள். பெடல் சுற்றியது, சைக்கிள் நகரவில்லை. இறங்கித் தள்ளினாள். சக்கரம் பாதிவரை புதைந்தது. தூக்கினாள். தள்ளினாள். ஏறினாள். மிதித்தாள். முன்னால் புழுதிக்குள் சிவப்பு விளக்குகள் இருந்தன. ஒன்று கூடுதலாக.

ஹேமந்த் மணியடித்தான். கணீர் கணீரென்று இரண்டு தடவை.

பதில் வந்தது. ஒரே ஒரு தடவை. சுத்தமான பித்தளைச் சத்தம். அவளுடைய மணியின் சத்தம்.

"அண்ணே! அது நான் இல்ல!" மஞ்சு கட்டைவிரலால் தன் மணியைத் தட்டினாள்.

டொக்.

திரும்பத் திரும்பத் தட்டினாள். டொக். டொக். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கருப்புச் சேறு வழிந்து கைமேல் விழுந்தது.

"கேட்டீங்களா தம்பி, பின்னாடி ஏதோ தவளை கத்துது," என்று பொன்னுரங்கம் சொல்வது காற்றில் வந்தது. "எருமை வரும்னு பார்த்தா தவளை."

"பேசாம மிதிங்க. மூச்சு வாங்குது," என்றாள் சாந்தி.

சாந்தி முன்னால்தான் இருந்தாள். முதலிலிருந்தே.

கரை வந்தது. சவுக்கு மரங்கள் வந்தன. சூசையம்மாள் வீட்டு வாசலில் விளக்கு வைத்திருந்தார்கள். மஞ்சு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓட்டம் இல்லை அது. ஒவ்வோர் அடிக்கும் கால் முழங்கால்வரை உள்ளே போனது. இழுத்தால் செருப்பு வரவில்லை. வெறுங்காலோடு போனாள். வாசல் வெளிச்சத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஹேமந்த் உள்ளே போனான். பொன்னுரங்கம் போனார். சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

"கடைசி யாரு?" என்றாள் சூசையம்மாள், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"மஞ்சுதான். வந்துட்டா," என்றாள் சாந்தி.

மஞ்சள் சட்டை படியில் நின்றது. முகம் உள்ளே பார்த்திருந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் படியில் சொட்டியது.

"அக்கா!" என்று கத்தினாள் மஞ்சு. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. வந்தது சேறு.

வீட்டுக்குள்ளிருந்து சோபியா ஓடிவந்தாள். தூக்கம் கண்ணை இழுத்துக்கொண்டிருந்தது. விளக்கு வைத்த பிறகும் காத்திருந்திருக்கிறாள். படியில் நின்றதன் கையைப் பிடித்து இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

மோந்து பாரு. நல்லா மோந்து பாரு கண்ணு என்று மனசுக்குள் கத்தினாள் மஞ்சு.

குழந்தை முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள்.

"ஐயே, ஏரி நாத்தம்," என்றாள். "வா, தூங்கலாம்."

கையை விடாமல் உள்ளே கூட்டிப்போனாள். சூசையம்மாள் ஒரு தடவை இருட்டைப் பார்த்தாள். மஞ்சு நின்ற இடத்தைத்தான் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கப்புறம் பூட்டு.