கைப்பிடி இல்லாத கயிறு

எல்லா கேன்களும் மூடியிருந்தன. ஆனாலும் பட்டறையில் பெட்ரோல் வாடை.

அடுப்பை அணைத்து, காற்றாடியை ஓடவிட்ட பிறகும் அது போகவில்லை. மாத்தே ஒவ்வொரு மூடியாகத் திருகிப் பார்த்தான். இறுக்கம்தான். மதியம் இரண்டு மணிக்கே வெளியே கும்மிருட்டு. இனி ஜனவரியில்தான் சூரியன் தலைகாட்டும்.

"அண்ணி, வேற பனிவண்டி ஏற்பாடு பண்ணித் தரேனே."

"கலைமான் உன்ன மாதிரி காபி குடிச்சிட்டு உக்காந்திருக்குமா? மந்தைக்குள்ள ஓநாய் பூந்திருக்கு. நாளைக்கு நான் போயாகணும்," என்றாள் ரிஸ்தென். "இது உங்கண்ணன் வண்டி. உன் கை பட்ட வண்டி. அது போதும் எனக்கு."

அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

உன் கை பட்ட வண்டி.

மூன்று வாரத்துக்கு முன்னால், மந்தைக்குக் கிளம்ப அண்ணன் ஐலு அவசரப்படுத்தினான். தோல் வைத்த புனலில் ஊற்றினால், பெட்ரோலில் கலந்த தண்ணீர் மேலேயே தங்கிவிடும். ஆனால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். புனல் ஆணியில் தொங்க, மாத்தே கேனை அப்படியே கவிழ்த்தான். கேன் வாயில் பனி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்தான்.

மேட்டுநிலக் குளிரில் அந்தத் தண்ணீர் குழாயில் உறைந்து அடைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஐலுவைக் கண்டெடுத்தபோது, வண்டி முன் மண்டியிட்டு, ஸ்டார்ட் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்தபடியே விறைத்திருந்தான். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. கயிற்றை அறுத்தார்கள். கைப்பிடி அவனோடு சவப்பெட்டிக்குள் போனது.

புயல்தான் காரணம் என்றது ஊர். மாத்தேயும் தலையாட்டினான்.

இப்போது குழாயைக் கழற்றிக் கண்ணாடி ஜாடியில் பிடித்தான். அடியில் தெளிவாக, தனியாகத் தண்ணீர். அண்ணி பார்ப்பதற்குள் கொட்டிவிட வேண்டும். கொட்டினான்.

இரண்டாவது ஜாடி. பாதிக்கு மேல் தண்ணீர்.

மூன்றாவது. முழுக்கத் தண்ணீர்.

பத்தாவது ஜாடியும் நிரம்பியது. டாங்கின் கொள்ளளவை எப்போதோ தாண்டிவிட்டது. குழாய் நிற்கவில்லை. கதகதப்பு அடங்காத அந்த அறையில், ஜாடித் தண்ணீர் அடியிலிருந்து வெள்ளையாக உறைந்து ஏறியது.

கர்ர்ர்க்.

கயிறு இழுபடும் சத்தம். பிறகு அமைதி. களைத்தவன் மூச்சு வாங்கும் நேரம்.

கர்ர்ர்க்.

மாத்தேயின் இரண்டு கைகளும் ஜாடியில் இருந்தன.

"எத்தனை தடவடா இழுப்ப?" அடுத்த அறையிலிருந்து ரிஸ்தெனின் குரல். "கை விட்டுப் போயிரும். எதுவும் கோளாறா? இருந்தா சொல்லிரு."

சொல்லிவிடலாம். வாய் திறந்தான். நாக்கில் பெட்ரோல் கசந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணி. வண்டி நல்லாருக்கு."

கர்ர்ர்க்.

இந்த முறை கயிறு உள்ளே திரும்பவில்லை. அறுந்த நுனி அவனை நோக்கி, அந்தரத்தில், விறைப்பாக நின்றது. அதன் முனையில், ஒன்றுமில்லாத காற்றில், உறைபனி மெல்லப் படிந்தது.

ஒரு விரல்.

இன்னொன்று.

நான்கு. பிறகு கட்டைவிரல்.