நோன் என்ற சொல்லுக்கு உரியவள்

1978 அக்டோபர் 12, வியாழக்கிழமை. சமர்கந்தில் காலை முதல் மெல்லிய மழை, மலைப்பக்கமிருந்து குளிர்காற்று. எத்தனை ஆண்டுகள் கழித்து நினைத்தாலும் மஹ்லியோவுக்கு முதலில் அந்த ஈரத்தின் மணம்தான் வரும்...

அங்காடியின் ரொட்டி வரிசையில் மழைக்கு ஒதுங்கிய இளைஞன், தான் வாங்கிய நோன் ரொட்டியைப் பலகைமீது கவிழ்த்து வைத்தான். மறுகணமே, விற்ற மஹ்லியோவின் கை அதனை நிமிர்த்தியது.

"ரொட்டிய யாராவது குப்புறப் போடுவாங்களா? உங்க வீட்ல சொல்லித் தரலியா?"

"எள்ளு நனையுமேன்னுதான்..."

"எள்ளு நனைஞ்சா காயும். பாவம் காயுமா?"

அந்தக் கண்கள்... மழையில் கழுவிய கருந்திராட்சைகள்! சொற்களின் வேர் தேடி ஊர் ஊராகத் திரியும் பெர்கானாக்காரன் தோனியோர், அன்று தன் சொற்கள் அனைத்தையும் தொலைத்தான்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்...

"நோன் எங்க தாஜிக் சொல்லு. உஸ்பெக்காரங்க நீங்க எங்ககிட்டேர்ந்து எடுத்துக்கிட்டீங்க" என்று சீண்டினாள் மஹ்லியோ.

"நாங்க மட்டுமா? உய்குர், கசாக், உருது... எல்லாரும்தான். ஆதியில 'மூடாதது'ன்னு அர்த்தமாம். வெறும் மாவ அப்படியே அடுப்புச் சுவர்ல அறையறோம்ல... அதாவது, அம்மணம்."

வரிசையே சிரித்தது. அவள் முகம் சிவந்தது.

"எங்க சொல்லு அம்மணமா? போங்க வாத்தியாரே! இனி இந்தப் பக்கமே வராதீங்க!"

அவன் வரவில்லை. அவளும் தேடவில்லை... அப்படித்தான் தன்னிடம் சொல்லிக்கொண்டாள். நான்காம் நாள் பக்கத்துக் கடைக்காரி குனிந்து சொன்னாள்: "உன் வாத்தியாரு இன்னிக்கு ரயிலேறி அல்மா-அத்தா போறாராம்டி. ரெண்டு வருஷமாம்."

மஹ்லியோ ஓடினாள். ரயிலடியில் மூச்சிரைக்க நின்று, சால்வைக்குள்ளிருந்து சூடான நோனை எடுத்து நீட்டினாள்.

"கடிங்க. ஒரு வாய் மட்டும்."

அவன் திகைத்தான். பயணம் போகிறவன் ஒரு வாய் கடித்த ரொட்டியை அவன் வீட்டார் சுவரில் மாட்டி வைப்பார்கள். மீதியை அவன் திரும்பி வந்துதான் உண்ண வேண்டும்.

"இது எங்கம்மா செய்ய வேண்டியது..."

"எங்க வீட்லயும் சுவர் இருக்கு."

"உங்கப்பா கேட்டா?"

"எனக்கு வரப்போறவரோடதும்பேன்."

அவன் கடித்தான். விழிகள் நிறைந்தன. வண்டி அசைந்தது.

"ரெண்டு வருஷத்துல கல்லாயிடும், மஹ்லியோ!"

"டீயில நனைச்சுத் தரேன்... வந்து சேருங்க!"

கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தபோது, பிற்பகல் நான்கு மணி பதினேழு நிமிடம்.